கால்பந்தும் கால்கட்டும்

ஒருவன் தன் தொழிலில் எத்துணைத் திறமை பெற்றிருப்பினும், இன்ன தொகைக்கு மேல் அவனுக்கு ஊதியம் கொடுத்தல் ஆகாது என்று அத்தொழிலின் முதலாளிகள் எல்லோரும் ஒன்றுகூடி விதி வகுப்பதாக வைத்துக்கொள்வோம். மனமுவந்து மிகுதியாகக் கொடுக்கும் முதலாளிக்கு அபராதம் உண்டு. அதை வாங்கும் தொழிலாளிக்கும் தண்டனை உண்டு. ‘இங்கே ஊதியம் போதவில்லை, வேறு ஊருக்குப் போகிறேன்’ என்று அவன் சொன்னாலோ, பழைய முதலாளியின் இசைவு இல்லாமல் மற்றோர் இடத்தில் அத்தொழிலை அவன் செய்ய முடியாது. இப்படியும் ஒரு நாடு இருந்திருக்குமா என்று நீங்கள் ஐயுறலாம். இருந்தது. தொழிற்சங்க இயக்கத்தின் தாயகம் என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் இங்கிலாந்தே அந்நாடு. உங்களில் பலர் மாலைதோறும் ஆடி மகிழும் கால்பந்தாட்டமே அத்தொழில். 1901 முதல் 1961 வரை அறுபது ஆண்டுகள் அங்கே வழங்கிய ஊதிய உச்ச வரம்பின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டு எப்படித் தொழிலாயிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1863இல் தோன்றியபோது, இவ்வாட்டம் பெரும்பாலும் பெரிய பள்ளிகளில் பயின்ற செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்தது. வட பகுதியில் பஞ்சாலைகளும் சுரங்கங்களும் பெருகப் பெருக, சனிக்கிழமை பிற்பகலில் ஓய்வு பெற்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஆட்டம் காண வந்தனர். நுழைவுக் கட்டணம் குவிந்தது. வெற்றி வேண்டிய கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. மறைக்க இயலாத நிலை வந்தபின், 1885இல் கால்பந்துச் சங்கம் ஊதியம் பெற்று ஆடுவதை முறையானதென ஏற்றுக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1888இல், பன்னிரண்டு கழகங்கள் கூடிக் கால்பந்து லீக் என்னும் அமைப்பை நிறுவின.

ஊதியம் வந்ததும் அச்சமும் வந்தது. பெரிய நகரத்துக் கழகத்திற்குப் பார்வையாளர் மிகுதி. ஆகவே பணமும் மிகுதி. சிற்றூர்க் கழகம் பாடுபட்டு வளர்க்கும் இளைஞனைப் பெரிய கழகம் பணத்தைக் காட்டி அழைத்துக்கொண்டால், சிற்றூர்க் கழகம் எங்ஙனம் பிழைக்கும்? ஒருவரே எப்போதும் வெல்லும் போட்டியை யார் விரும்பிக் காண்பார்? இந்த அச்சம் நியாயமானதே. கடையில் போட்டியிடும் வணிகன் எதிரிக் கடை மூடப்பட்டால் மகிழலாம். விளையாட்டுக் கழகமோ எதிரி இல்லாமல் ஆடவே முடியாது. எதிரியின் நலமும் தன் நலமாக இருக்கும் விந்தையான தொழில் இது. இதனை நாம் மனத்தில் வைத்துக்கொண்டால், வரம்பு வகுத்தவர்களை வெறும் கொடியவர்கள் என்று எண்ணிவிட மாட்டோம்.

அச்சத்திற்கு மருந்தாக இரண்டு விதிகள் பிறந்தன. முதலாவது, 1893 முதல் லீக் கடைப்பிடித்த தக்கவைப்பு முறை. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கழகத்தின் பெயரில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆட்டப் பருவம் முடிந்ததும் கழகம் தன் ஆட்டக்காரர்களைப் பிரித்துப் பட்டியலிடும். சிலரைத் தக்கவைத்துக்கொள்ளும், சிலரை விலைக்கு மாற்றலாம் என்று அறிவிக்கும், சிலரை விடுவித்துவிடும். தக்கவைக்கப்பட்டவர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் அவருக்கு ஊதியம் இல்லை. ஆயினும் அவருடைய பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கட்டு மட்டும் அவிழவில்லை. மேய்ச்சலுக்கு விட்ட மாட்டுக்கும் கால்கட்டுப் போடுவார்களே, அதனை ஒத்தது இம்முறை.

இரண்டாவது விதி ஊதியத்தின் உச்ச வரம்பு. கால்பந்துச் சங்கம் 1900இல் இதனை நிறைவேற்றியது. 1901இல் தொடங்கிய ஆட்டப் பருவத்திலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. வாரத்திற்கு 4 பவுனுக்கு மேல் எவருக்கும் கொடுத்தல் கூடாது. வெற்றிக்கென்று தனி ஊக்கத்தொகையும் கூடாது. பவுன் என்பது இங்கிலாந்தின் நாணயம். அக்காலத்தில் 20 ஷில்லிங் கொண்டது. தேர்ந்த கைத்தொழிலாளி ஒருவர் பெற்றதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இத்தொகை. ஆதலின் தொடக்கத்தில் இது பசிக்கூலி அன்று. கழகங்களின் பங்குதாரர் பெறும் இலாபத்துக்கும் நூற்றுக்கு 5 என்று சங்கம் வரம்பு கட்டியிருந்தது என்பதையும் நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். ஆனால் பங்குதாரர் தம் பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம். ஆட்டக்காரர் தம் கால்களை எங்கே கொண்டுபோய் விற்பது? இரண்டு விதிகளும் தனித்தனியே இருந்திருந்தால் ஒருவேளை பொறுத்திருக்கலாம். ஒன்று கையைக் கட்டியது. மற்றொன்று காலைக் கட்டியது. இரண்டும் சேர்ந்தபோது ஆட்டக்காரருக்குப் பேரம் பேச வழியே இல்லாமற் போயிற்று.

நடைமுறையில் இந்த வரம்பு என்ன செய்தது? முதற்பயன், மறைவுப் பணம் மீண்டும் தலைதூக்கியது. இதற்குச் சான்றாக நிற்பவர் பில்லி மெரிடித். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே வேலை செய்தவர். பின்னர் மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரரானார். எதிர்க் கழக வீரர் ஒருவருக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றார் என்று 1905இல் சங்கம் அவரைத் தண்டித்து ஆட்டத்திலிருந்து விலக்கியது. கைவிடப்பட்ட மெரிடித் வாய் திறந்தார். வரம்புக்கு மேல் கழகம் பணம் கொடுத்துவந்த செய்தி வெளியாயிற்று. 1906இல் சங்கம் 17 ஆட்டக்காரர்களுக்கு அபராதம் விதித்து, 1907 புத்தாண்டு வரை ஆடலாகாதென்று தடுத்தது. அவர்கள் மீண்டும் அக்கழகத்துக்கு ஆடவும் கூடாதென்றது. ஒரு சிறந்த குழு ஒரே நாளில் கலைந்தது. அவர்களுள் மெரிடித் உள்ளிட்ட சிலரை அதே நகரத்து மான்செஸ்டர் யுனைட்டெட் சேர்த்துக்கொண்டது.

அந்த மெரிடித்தும், யுனைட்டெட் தலைவர் சார்லி ராபர்ட்ஸும் முன்னின்று 1907 டிசம்பர் 2ஆம் நாள் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தைத் தொடங்கினர். வரம்பை நீக்குக, கட்டை அவிழ்க்க என்பவை அதன் கோரிக்கைகள். மற்றத் தொழிற்சங்கங்களின் பொதுக் கூட்டமைப்போடு அது சேர முயன்றதும், கால்பந்துச் சங்கம் சினங்கொண்டது. தொழிற்சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஆட முடியாது என்று 1909ஆம் ஆண்டுக் கோடையில் ஆணையிட்டது. பலர் அஞ்சி விலகினர். யுனைட்டெட் வீரர்கள் விலகவில்லை. 1908இல் லீக் வாகையும் 1909இல் சங்கக் கோப்பையும் வென்றிருந்த அக்குழு, ‘ஒதுக்கப்பட்டோர் கழகம்’ என்று தனக்கே பெயர் சூட்டிக்கொண்டு பயிற்சி செய்தது. ஆட்டப் பருவம் தொடங்கும் தறுவாயில் உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கம் நிலைத்தது, ஊக்கத்தொகைக்கு வழி பிறந்தது, வரம்பும் கட்டும் மட்டும் அசையவில்லை.

1912இல் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகத் தொழிற்சங்கம் ஆஸ்டன் வில்லா கழகத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கை நடத்திய முறை பொருந்தவில்லை. விதியே சட்டத்துக்கு ஒவ்வாதது என்று வாதிடாமல், கழகம் தீய எண்ணத்தோடு நடந்தது என்று வாதிட்டனர், அதற்குச் சான்று இல்லை, வழக்குத் தோற்றது. செலவுச் சுமையால் தொழிற்சங்கம் நொடித்துப்போகும் நிலையை அடைந்தது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பது மேலும் அரை நூற்றாண்டுக்கு மெய்யாக நின்றது. உண்மை உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் போதாது, மாணவர்களே. அதனைச் சரியான கேள்வியாக மன்றத்தின்முன் வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

வரம்பின் தொகை இடையிடையே மாறியது. 1920இல் 9 பவுன். 1922இல் அது குறைந்து ஆட்டப் பருவத்தில் 8 பவுன், கோடையில் 6 பவுன் ஆயிற்று. இரண்டாம் உலகப் போர் மூளும் வரை பதினேழு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. போருக்குப் பின் 1947இல் 12, 1951இல் 14, 1953இல் 15, 1957இல் 17, 1958இல் 20 என்று ஏறியது. ஏற்றம்தானே என்று தோன்றலாம். ஆனால் 1901இல் தேர்ந்த தொழிலாளியைப் போல் இரு மடங்கு பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர், 1960 அளவில் ஆலைத் தொழிலாளியின் சராசரி ஊதியமான ஏறத்தாழ 15 பவுனைவிடச் சற்றே மிகுதியாகப் பெற்றார். அதுவும் உச்சத்தைத் தொட்டவரே பெற்றார். பலருக்கு அதுவும் கிட்டவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் தொழில் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இதற்கிடையே ஆட்டம் காண வந்த கூட்டமோ கடல்போற் பெருகியது. 1948-49ஆம் பருவத்தில் லீக் ஆட்டங்களைக் கண்டோர் தொகை 4 கோடியே 10 இலட்சத்தைக் கடந்தது. 1953இல் வெம்பிளி அரங்கில் ஸ்டான்லி மாத்யூஸின் ஆட்டத்திறனைக் காண ஓர் இலட்சம் பேர் கூடினர். அந்த மாத்யூஸின் வார ஊதியத்திற்கோ 15 பவுனுக்கு மேற்படாத வரம்பு. பிரெஸ்டன் கழகத்தின் டாம் பின்னி குழாய் வேலையைக் கைத்தொழிலாகக் கற்றவர். புகழின் உச்சியிலும் அத்தொழிலை விடவில்லை. 1952இல் இத்தாலியின் பாலெர்மோ கழகம், கையெழுத்திட்டாலே 10,000 பவுன் தருவதாக அவரை அழைத்தது. பிரெஸ்டன் கழகம் இசையவில்லை. அவரும் அங்கேயே ஆடி ஓய்வு பெற்றார். 1957இல் ஜான் சார்லசை லீட்ஸ் கழகம் 65,000 பவுனுக்கு இத்தாலிக்கு அனுப்பியது. ஆட்டக்காரரின் விலைக்கு வரம்பில்லை. ஆட்டக்காரரின் கூலிக்கு மட்டும் வரம்பு. இம்முரண்பாட்டை எந்தச் சிறுவனும் கண்டுகொள்வான். அதே 1957இல், வரம்பை மீறி மறைவாகப் பணம் கொடுத்ததற்காகச் சண்டர்லாந்து கழகம் 5,000 பவுன் அபராதம் கட்டியது. மெரிடித் காலத்து நோய் அரை நூற்றாண்டு கழிந்தும் தீரவில்லை.

அவ்வாண்டில்தான் புல்ஹாம் கழகத்தின் ஜிம்மி ஹில் தொழிற்சங்கத்தின் தலைவரானார். கணக்கும் சொல்வன்மையும் உடையவர். நாட்டின் பல பகுதிகளில் ஆட்டக்காரர்களைக் கூட்டிப் பேசினார். மான்செஸ்டர்க் கூட்டத்தில் நடந்ததாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இளம் வீரர் ஒருவர் எழுந்து, தம் தந்தை சுரங்கத்தில் உழைத்துப் பெறுவதைவிடத் தாம் மிகுதியாகவே பெறுவதாகவும், அதுவே போதுமென்றும் கூறினாராம். போல்ட்டன் கழகத்தின் டாமி பாங்க்ஸ் அதற்கு மறுமொழி சொன்னார். சுரங்க வேலையின் கடுமை தமக்கும் தெரியும்; அத்தந்தைக்கு மாற்றாகத் தாம் சுரங்கத்தில் இறங்க அணியம்; ஆனால் அவர் முப்பதாயிரம் பேர் பார்த்திருக்க, அரங்கில் அமர்ந்திருக்கும் இந்த மாத்யூஸைத் தொண்ணூறு நிமிடம் தடுத்துக் காட்டட்டும் என்பது அம்மறுமொழியின் கருத்து. அவை சிரித்தது, சிரித்தபின் ஒருமுகமாக வாக்களித்தது. சுரங்கத் தொழிலாளியின் உழைப்பை இழிவுபடுத்தாமலே, ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய மதிப்பு உண்டென்பதை அவர் நாட்டிவிட்டார்.

1961 ஜனவரி 21, சனிக்கிழமை முதல் வேலைநிறுத்தம் என்று நாள் குறிக்கப்பட்டது. மூன்று நாள் முன்னதாக, 18ஆம் நாள், தொழில் அமைச்சகத்தில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அறுபதாண்டு வரம்பு ஒழிந்தது. கூடிய மட்டும் கொடுப்பேன் என்று முன்னமே சொல்லியிருந்த புல்ஹாம் கழகத் தலைவர் டாமி டிரிண்டர் ஒரு நகைச்சுவை நடிகர். அவர் தம் சொல்லைக் காத்து, ஜானி ஹேய்ன்ஸுக்கு வாரம் 100 பவுன் கொடுத்தார். ஒரே ஆண்டில் ஐந்து மடங்கு!

ஆயினும் பாதி வேலைதான் முடிந்தது. கையின் கட்டு அவிழ்ந்தது. காலின் கட்டு இருந்தது. தக்கவைப்பு முறையைத் தளர்த்துவதாக உடன்பாட்டில் இசைந்ததைக் கழகங்கள் பின்னர் ஏற்க மறுத்தன. இங்கேதான் ஜார்ஜ் ஈஸ்ட்டம் வருகிறார். நியூகாசில் யுனைட்டெட் கழகத்தில் ஆடிய அவர், 1960இல் ஒப்பந்தம் முடிந்ததும் விலக விரும்பினார். கழகம் விடவில்லை. அவர் கையெழுத்திட மறுத்து, தெற்கே சென்று தக்கை விற்கும் வேலையில் அமர்ந்தார். பல மாதம் பந்தைத் தொடவில்லை. இறுதியில் 47,500 பவுனுக்குக் கழகம் அவரை ஆர்சனலுக்கு மாற்றியது. தாம் விரும்பிய இடம் கிடைத்துவிட்டது. இனி வழக்கு எதற்கு என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். தொழிற்சங்கத்தின் துணையோடு அவர் வழக்கைத் தொடர்ந்தார். தமக்குப் பின் வருவோருக்காகத் தொடர்ந்தார்.

இம்முறை கேள்வி சரியாக வைக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவனைக் கட்டி வைக்கும் விதியே முறைதானா என்று கேட்டனர். 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்புக் கூறினார். தக்கவைப்பு முறை, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்பது அத்தீர்ப்பு. அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸின் வழித்தோன்றல் அந்நீதிபதி என்பது வரலாற்றின் இனிய பொருத்தம். ஈஸ்ட்டமுக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. பயன் பின்வந்தோருக்குக் கிடைத்தது. 1978இல் ஒப்பந்தம் முடிந்தவர் கழகம் மாறும் உரிமை விரிந்தது; 1995இல் பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் போஸ்மான் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தபின் மாற்றுத்தொகை கேட்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கு ஒவ்வாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் வரம்பு என்பதே தீயதா? அவசரப்பட்டு முடிவு கூற வேண்டா. 1960இல் லீக் வாகை சூடிய பர்ன்லி ஏறத்தாழ 80,000 மக்கள் வாழ்ந்த சிறு ஆலைநகரம். வரம்பு நீங்கியபின் அக்கழகம் மீண்டும் அவ்வாகையை அடையவில்லை. பெருநகரக் கழகங்களின் கை ஓங்கியது. சிறியோரைக் காக்க வேண்டுமென்ற முதற்கவலை பொய்யன்று.

அக்கவலைக்கு வேறு வகையில் விடை கண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் கால்பந்து என்று வழங்குவது முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கே தேசியக் கால்பந்து லீக் 1994 முதல் ஒரு வரம்பைக் கடைப்பிடிக்கிறது. அது தனி மனிதரின் ஊதியத்துக்கு அன்று. ஒரு குழு முழுவதும் ஆண்டொன்றுக்குச் செலவிடும் தொகைக்கு. 1994இல் அது 3 கோடியே 46 இலட்சம் டாலர். அத்தொகை லீகின் வருவாயில் ஆட்டக்காரர் பெறும் பங்கைக்கொண்டு கணக்கிடப்படுவதால், வருவாய் ஏற ஏற வரம்பும் ஏறுகிறது. 2024இல் அது 25 கோடியே 54 இலட்சம் டாலர். உச்ச வரம்போடு, இவ்வளவுக்குக் குறையாமல் செலவிட வேண்டுமென்ற கீழ்வரம்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பும் தன் போட்டிகளில் ஆடும் கழகங்கள் வருவாயில் நூற்றுக்கு 70க்கு மேல் ஆட்டக்காரருக்கெனச் செலவிடலாகாதென்று, படிப்படியாக இறங்கி, 2025-26ஆம் பருவத்துக்கு விதித்தது. இங்கிலாந்திலேயே 2020 ஆகஸ்டில் மூன்றாம், நான்காம் படிக் கழகங்களுக்கு முறையே 25 இலட்சம், 15 இலட்சம் பவுன் என்று ஆண்டு வரம்பு கட்டினர். ஆட்டக்காரர் சங்கத்தை முறைப்படி கலந்து பேசவில்லை என்று நடுவர் குழு கண்டதனால், 2021 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. மெரிடித் தொடங்கிய அதே சங்கம்தான் அம்முறையீட்டைக் கொண்டுசென்றது என்பதை நினைவிற் கொள்க.

இவ்வரலாற்றிலிருந்து, எந்த வரம்பையும் சீர்தூக்கிப் பார்க்க மூன்று கேள்விகள் நமக்குக் கிடைக்கின்றன. அதனை வகுத்தவர் யார். வகுக்கும்போது, அதனால் கட்டுப்படுவோர் அவையில் இருந்தனரா? கட்டு இரு பக்கமும் ஒத்து இறுகுகிறதா, ஒரு பக்கம் மட்டும் இறுகுகிறதா? ஏற்க விரும்பாதவன் வெளியேற வாயில் திறந்திருக்கிறதா? 1901ஆம் ஆண்டு விதி மூன்றிலும் தவறியது. ஆகவே நல்ல நோக்கத்தோடு பிறந்தும், நேர்மையானவர்களைக்கூடப் பொய்க்கணக்கு எழுத வைத்தது.

விளையாட்டின் உயிரே விதிதான். ஆனால் விதிக்கு உயிர் தருவது, ஆடுவோரின் இசைவு. நாளை நீங்கள் ஆலையை நடத்தலாம், அலுவலகத்தில் அமரலாம், சட்டமன்றத்தில் பேசலாம். பிறருக்கு அளவு குறிக்கும் எழுதுகோல் உங்கள் கைக்கு வரும். அப்போது, தமக்குரிய பலன் ஒன்றுமில்லை என்று அறிந்தும் நீதிமன்றப் படியேறிய அந்த ஆட்டக்காரரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.